ஏப்ரல் 7-ஐ எங்கே போய்ப் படிப்பது?

(ஜமுனாமரத்தூரில் ஆற்றிய நினைவுச் சொற்பொழிவு)



இந்த மலையில் பிறந்து முதுகலை படிக்கும் ஒரு மாணவி, ருவாண்டாவுக்குக் கல்விப் பயணம் போக விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார். கொன்றவர்களும் தப்பியவர்களும் ஒரே ஊரில் எப்படி வாழ்கிறார்கள் என்பது அவருடைய கேள்வி. அந்த நாட்டின் நினைவுநாள் ஏப்ரல் 7. 1994-இல் அன்று தொடங்கி நூறு நாளில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேரைக் கொன்றார்கள்.

2015-இல் அதே ஏப்ரல் 7 அன்றுதான் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் ஜவ்வாது மலைக்காரர்கள்.

இரண்டும் ஒன்றல்ல. இனப்படுகொலை என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டால் அது தேய்ந்துபோகும். ஆனால் கொல்வதற்கென்று ஒரு பெயர் சூட்டுவது இரண்டு இடத்திலும் உண்டு. துட்சி மக்களை அங்கே வானொலி கரப்பான்பூச்சி என்றது. கூலிக்கு மரம் வெட்டப் போனவரை இங்கே கடத்தல்காரர் என்றார்கள். கடத்தல்காரர் கோடாலி தூக்குவதில்லை என்பது மலையில் எல்லாருக்கும் தெரியும். உடன் வந்தவர்களைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தில் சாட்சி சொன்னார்கள். காவல்துறை தற்காப்பு என்றது.

ருவாண்டாவில் 'கச்சாச்சா' என்ற ஊர் நீதிமன்றங்கள் 2012 வரை நடந்தன. யாரைக் கொன்றேன், உடலை எங்கே போட்டேன் என்று கொன்றவன் ஊர்முன் சொன்னால் தண்டனை குறையும். குறையில்லாத ஏற்பாடு அல்ல அது. ஆட்சிக்கு வந்த படை செய்த கொலைகள் அங்கே விசாரிக்கப்படவில்லை. ஆனாலும் வாக்குமூலம் முதலில், சமரசம் பிறகு. நம்மூர்ச் சமாதானக் கூட்டத்தில் எடுத்த எடுப்பிலேயே வழக்கை வாபஸ் வாங்கச் சொல்கிறார்கள்.

வெண்மணியில் 44 பேர் எரிந்தார்கள். உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. வாச்சாத்தியில் சந்தனக் கடத்தல் என்று சொல்லித்தான் 1992-இல் ஊருக்குள் நுழைந்தார்கள். அந்த மக்கள் வழக்கை விடவில்லை. 2011-இல் தண்டிக்கப்பட்ட 215 பேரும் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள்.

செங்கம் பக்கத்து நடுகற்களைப் பாருங்கள். எந்த அரசன் ஆட்சியில், எந்தச் சண்டையில், யார் பட்டான் என்று வெட்டியிருக்கிறார்கள். பெயரோடு காரணமும் இருக்கிறது. அந்த 20 பேருக்குக் கல் நட்டால், எப்படிச் செத்தார்கள் என்ற வரியில் எதை வெட்டுவது? காவல்துறை சொன்னதையா, தப்பியவர்கள் சொன்னதையா?

அந்த மாணவியிடம், கிகாலிக்குக் கட்டாயம் போங்கள் என்றேன். அதற்குமுன் இதே மலையில் 2015-இல் ஆளைப் பறிகொடுத்த வீடுகளில் உட்கார்ந்து கேளுங்கள். பிறகு வாச்சாத்தி. அரூருக்குப் பக்கம்தான், விண்ணப்பம் எதுவும் வேண்டாம்.