ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம்: எண்ணூர்ல உச்சிவெயில் எத்தனை மணிக்கு?

இந்த எபிசோடை நான் செஞ்ச ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க மாமா எண்ணூர்ல ஃபைபர் போட் வச்சிருக்கார். கடலுக்கடியில மீன் நல்லா படுற பாறைத்திட்டை ‘பார்’னு சொல்வாங்க. அந்தப் பார் எல்லாம் எங்கெங்க இருக்குன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தார். நோட்டு நனைஞ்சு கிழியுதேன்னு நான் ஒரு சின்ன ஆப் எழுதினேன். அவர் படிக்க, நான் டைப் பண்ணேன். ஒரு பாருக்குத் தீர்க்கரேகை “எண்பது முப்பது”ன்னார். நான் 80.30னு போட்டேன். மேப்பைத் திறந்தா, அந்தப் புள்ளி கரையில வந்து நிக்குது.

“இன்னாடா, ரோட்டுல வலை போடச் சொல்றியா?”ன்னார்.

அவர் சொன்னது 80 டிகிரி 30 நிமிடம். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம்; அப்போ 30 நிமிடம்னா அரை டிகிரி. நான் போட்டிருக்க வேண்டியது 80.5. வித்தியாசம் 0.2 டிகிரிதான். ஆனா நம்ம பக்கத்துல ஒரு டிகிரி தீர்க்கரேகைங்கிறது சுமார் 108 கிலோமீட்டர். அதாவது, 21 கிலோமீட்டருக்கு மேல தப்பு. கரையிலயே தெரிஞ்சதால சிரிச்சோம். விடியக்காலை இருட்டுல, கடல்ல தெரிஞ்சிருந்தா டீசலும் போயிருக்கும், அன்னிக்குப் பாடும் போயிருக்கும்.

கோணத்துக்கும் நிமிடம், நேரத்துக்கும் நிமிஷம். ரெண்டும் ஒண்ணு இல்ல. நம்ம பஞ்சாங்கத்துல இந்தக் குழப்பமே கிடையாது. கோணத்துக்குப் பாகை, கலை. நேரத்துக்கு நாழிகை, விநாடி. பேரே வேற.

ஆனா ரெண்டுக்கும் நடுவுல ஒரு கணக்கு இருக்கு. சூரியனை வச்சுப் பார்த்தா, பூமி 24 மணி நேரத்துல 360 டிகிரி சுத்துது. ஒரு மணிக்கு 15 டிகிரி. ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம். ஒரு நாழிகைக்கு, அதாவது 24 நிமிஷத்துக்கு, 6 பாகை.

இப்போ எண்ணூருக்கு வருவோம். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையோட நேரம். அது மிர்சாபூர் பக்கமா போகுது. 82.5-ஐ நாலால பெருக்குங்க: 330 நிமிஷம். அதுதான் கிரீன்விச்சை விட நாம முன்னாடி இருக்கிற அஞ்சரை மணி நேரம். எண்ணூர் சுமார் 80.32 டிகிரி. ஏறக்குறைய 2.18 டிகிரி மேற்கே. நாலால பெருக்கினா 8 நிமிஷம் 43 நொடி. அதனால எண்ணூர்ல சூரியன் உச்சிக்கு வர்றது, சராசரியா, 12 மணி 8 நிமிஷம் 43 நொடிக்கு. சராசரின்னு ஏன் சொல்றேன்னா, பூமியோட பாதை சரியான வட்டம் இல்ல, அச்சும் சாய்ஞ்சிருக்கு. அதனால பிப்ரவரி நடுவுல உச்சி 12:23 வரைக்கும் தள்ளிப்போகும். நவம்பர் ஆரம்பத்துல 11:52-க்கே வந்துடும்.

இந்திய நேரம் 1906 ஜனவரி 1-லதான் வந்தது. அதுக்கு முன்னாடி ரயில்வே ஓடினது மெட்ராஸ் நேரத்துல. 1856-ல ராயபுரத்துல இருந்து தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் கிளம்பினப்போ, இப்போ நம்ம கையில கட்டியிருக்கிற நேரமே கிடையாது.

அந்த மெட்ராஸ் நேரம் நுங்கம்பாக்கம் வானாய்வகத்துல இருந்து வந்தது. 1802-ல ஜான் கோல்டிங்ஹாம் அதோட தீர்க்கரேகையை 80 டிகிரி 18 நிமிடம் 30 நொடின்னு கணிச்சார். நாலால பெருக்கினா 5 மணி 21 நிமிஷம் 14 நொடி. இதுதான் மெட்ராஸ் நேரம். ஆனா அந்த இடத்தோட சரியான தீர்க்கரேகை 80 டிகிரி 15 நிமிடத்தை ஒட்டித்தான். நேரத்துல 14 நொடி பிசகு. நிலத்துல 6 கிலோமீட்டருக்கு மேல.

இதைப் படிச்சப்புறம் என் தப்பை நேரமா மாத்திப் பார்த்தேன். 0.2 டிகிரின்னா 48 நொடி. ஜிபிஎஸ் இல்லாத காலத்துல, கப்பல்ல இருந்த கடிகாரம் 48 நொடி பிசகினா, மாலுமியும் இதே 21 கிலோமீட்டர் தப்பான இடத்துல நின்னிருப்பார். நேரத்துல வர்ற தப்பு அப்படியே இடத்துல வர்ற தப்புதான். ஜிபிஎஸ் கருவியும் செயற்கைக்கோள் அனுப்புற நேரத்தை வச்சுத்தான் இடத்தைச் சொல்லுது.

இப்போ ஆப்ல டிகிரிக்குத் தனிக் கட்டம், நிமிடத்துக்குத் தனிக் கட்டம். பழைய புள்ளிகள் எல்லாத்தையும் மாமா பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொண்ணா சரிபார்த்தார். நோட்டை மட்டும் தூக்கிப் போடல; பிளாஸ்டிக் கவர்ல சுத்தி போட்லயே வச்சிருக்கார். நானும் வேணாம்னு சொல்லல.

நீங்களும் மொட்டைமாடியில ஒரு குச்சியை நேரா நட்டு, நிழல் எப்போ ரொம்பக் குட்டையாகுதுன்னு பாருங்க. உங்க ஊர்ல எத்தனை மணின்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.