தீவுத் தோட்டங்களும் சமவெளி மக்களும்
(அகரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



  

வழக்கு

இலங்கையில் கண்டி மாநகருக்கு அருகே, மகாவலி கங்கை வளைந்து அணைத்தாற்போல் ஓடும் நிலத்தில், 147 ஏக்கர் பரப்பில் விளங்கும் பேராதனைத் தாவரவியல் பூங்காவைக் குறித்து எனக்கும் என் சக ஆசிரியர் சிலருக்கும் நெடுங்காலமாக ஒரு வழக்கு நடந்து வருவதை இச்சபையிற் பாதிப்பேர் அறிவர். அறியாதவர்களுக்காக அதைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சாரார், பூங்காவின் சரித்திரம் 1821ஆம் ஆண்டில் தொடங்குகிறது என்பர். கொழும்பில் கொம்பனித்தெருவிலும், பிறகு களுத்துறையிலும் இருந்த அரசாங்கத் தோட்டத்தை அலெக்சாண்டர் மூன் என்பவர் பேராதனைக்கு மாற்றியமைத்தது அவ்வாண்டில்தான் என்பதும், 1824இல் அவர் இலங்கைத் தாவரங்களுக்கு ஓர் அட்டவணை வெளியிட்டார் என்பதும் உண்மையே. மற்றொரு சாரார், அதற்கு வெகு காலம் முன்பே கண்டி மன்னர் அங்கே உத்தியானம் வைத்திருந்தனர் என்றும், 1747இல் முடிசூடிய கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் மதுரை நாயக்கர் உறவின்முறையைச் சேர்ந்தவனாதலின் அப்பூங்காவின் மூலப்பெருமை நம் மதுரைச் சீமைக்கே உரியது என்றும் வாதிப்பர். திண்டுக்கல் மலைக்கோட்டையின் நிழலில் வாழும் நமக்கு இந்த இரண்டாவது அபிப்பிராயம் இனிப்பாக இருப்பது இயல்பு. மூன்றாவதாகவும் சிலர் உளர். பூந்தோட்டம் தாவர சாஸ்திரிகளுக்குரிய பொருள், கடல் கடந்து சென்ற கூலி மக்களின் வரலாறு பொருளாதாரத் துறைக்குரிய பொருள், இரண்டையும் ஒன்றாகக் குழைப்பது முறையன்று என்று என் கட்டுரைகளைத் திருப்பியனுப்பியவர்கள் அவர்கள்.

இம்மூவரும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள் என்பது என் துணிபு. தோட்டத்தை யார் அமைத்தார் என்று கேட்கிறார்களேயன்றி, அத்தோட்டம் என்ன செய்தது என்று கேட்பதில்லை. அயனமண்டலத் தீவுகளில் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய அரசாங்கங்கள் வளர்த்த தோட்டங்கள் உலாவுவதற்கென்று மட்டும் அமைந்தவை அல்ல. ஒரு கண்டத்துச் செடியை மறு கண்டத்து மண்ணுக்குப் பழக்கி, விதை பெருக்கி, துரைமாருக்குக் கன்றாகக் கொடுத்த நாற்றங்கால்கள் அவை. அங்கே பழகிய ஒவ்வொரு செடியும் பெருந்தோட்டமாகப் பரவியபோது அதற்குக் கை வேண்டியிருந்தது. அந்தக் கை திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும், திண்டுக்கல் தாலுகா அடங்கியிருந்த பழைய மதுரை ஜில்லாவிலிருந்தும் சென்றது. ஆகவே பேராதனையின் சரித்திரத்தை அதன் வேலிக்குள் நின்று எழுத இயலாது.

கீர்த்தி ஸ்ரீயின் நாயக்கத் தொடர்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அரசவழியாக ஒரு பெருமையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, நடந்தே சென்று காடு வெட்டிய நம் ஊராரின் பங்கை எழுதாது விடுவது நியாயமான சரித்திரமாகாது.

முப்பத்தெட்டுப் பெட்டிகள்

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டும் திருஷ்டாந்தம் ரப்பர். நண்பர்கள் பலமுறை கேட்டு அலுத்திருக்கலாம். ஆயினும் முழுமையாகச் சொல்ல இதுவரை எனக்கு அவகாசம் கிடைத்ததில்லை.

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பார் தென்னமெரிக்காவில் தப்பஜோஸ் நதிக்கரைக் காடுகளிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளைத் திரட்டினார். ரப்பர் விதை எண்ணெய்ச் சத்து மிகுந்தது. சில வாரங்களிலேயே முளைக்கும் ஆற்றலை இழந்துவிடுவது. முன்னர் அனுப்பப்பட்டவை பெரும்பாலும் வழியிலேயே கெட்டன. விக்கமோ, காய்ந்த வாழைச் சருகை அடுக்கடுக்காக இட்டு, கூடைகளில் காற்றோட்டமாக விதைகளைக் கட்டி, நீராவிக் கப்பலில் இங்கிலாந்துக்குக் கொண்டு சேர்த்தார். சிறுமலை வாழையையும் விருபாட்சி வாழையையும் சந்தைக்குக் கொண்டு செல்லும் இப்பகுதி மக்களுக்கு வாழைச் சருகின் உபயோகத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இவ்விதைகளை விக்கம் திருடிக் கடத்தினார் என்ற கதை வெகுவாகப் பரவியிருக்கிறது. முதுமையில் அவரே அதற்குக் கண்ணும் மூக்கும் வைத்துச் சொல்லியிருக்கிறார். ரப்பர் விதையை வெளியே கொண்டு செல்லலாகாது என்ற சட்டம் எதுவும் அப்போது பிரேசிலில் இல்லை என்பதே ஆராய்ந்தவர்களின் முடிபு. ஒரு வீரபுருஷனையோ ஒரு கள்வனையோ நடுவில் நிறுத்தினாலன்றித் தோட்டத்தின் கதை சுவைக்காது என்றெண்ணும் மனப்பான்மையே இத்தகைய புனைவுகளுக்கு இடந்தருகிறது.

லண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் ஜூன் மாதத்து நடுவில் கண்ணாடி மனைகளை ஒழித்து அவ்விதைகளை ஊன்றினார்கள். 70,000 விதைகளில் முளைத்தவை ஏறக்குறைய 2,700. அவற்றில் 1,919 கன்றுகளை ஆகஸ்டு மாதத்தில் 38 பெட்டிகளில் வைத்து இலங்கைக்குக் கப்பலேற்றினார்கள்.

அந்தப் பெட்டியைச் சற்றே அருகில் நின்று பார்க்க வேண்டும். நதானியேல் வார்டு என்ற லண்டன் மருத்துவர், 1829இல் மூடிய புட்டி ஒன்றில் ஈரமண்ணுக்குள் ஒரு பெரணிச் செடி யாரும் நீரூற்றாமலே தழைத்ததைக் கண்டு, அந்தத் தத்துவத்தைப் பயன்படுத்தி அமைத்தது அது. அடியில் கனத்த மரப்பெட்டி. அதில் மண்ணும் கன்றுகளும். மேலே கூரைபோற் சரிந்த கண்ணாடி. இடுக்குகளெல்லாம் அடைத்து மூடியது. பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகி எழும். இரவில் கண்ணாடியில் துளிர்த்துத் திரும்பவும் மண்ணிலேயே சொட்டும். கப்பலில் மனிதருக்கே நன்னீர் அளந்து கொடுக்கும் நாட்களில் செடிக்கென்று ஒரு குவளை நீரும் வேண்டியதில்லை. உப்புக் காற்றும் உட்புகாது. வெளிச்சம் கிடைக்க வேண்டும் என்பதற்காக மேல்தளத்தில் இடம் ஒதுக்குவார்கள். இத்தனை பரிபாலனத்தோடு வந்ததால், அக்கன்றுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு என்னும் அளவுக்கு உயிரோடு இலங்கை வந்து சேர்ந்தன.

பேராதனை கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 அடி உயரத்தில் இருப்பது. ரப்பருக்கு அதைவிட வெப்பமான தாழ்நிலம் உகந்தது. ஆகையால் அப்போது பேராதனையின் தலைவராயிருந்த துவைட்ஸ், கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் ஒரு கிளைத் தோட்டத்தை அதே 1876இல் திறந்து அங்கே கன்றுகளை நடுவித்தார். பிறகு நடந்தது பெரும்பாலோர் கவனியாதது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அம்மரங்களைக் கேட்பார் அதிகமில்லை. தோட்டம் பொறுமையாக அவற்றைக் காத்தது. பூக்கவிட்டு விதை எடுத்தது. பட்டையை எப்படிக் கீறினால் மரம் சாகாமல் பால் தரும் என்று பரீட்சை செய்தது. மோட்டார் வண்டியும் காற்றடைத்த சக்கரமும் பெருகிய பின், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ரப்பர் விலை உயர்ந்தபோது, களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளின் சரிவுகளெல்லாம் ரப்பர்க் காடாயின. அங்கே விடிவதற்கு முன் எழுந்து பட்டை சீவிப் பால் எடுத்தவர்களில் பெருந்தொகையினர் நம்மவர்.

காட்டு வழி

இப்போது அதே 1876ஆம் ஆண்டை இக்கரையில் நின்று பாருங்கள். அதுதான் நம் பாட்டன்மார் தாது வருஷத்துப் பஞ்சம் என்று சொல்லி நடுங்கிய ஆண்டு. 1878 வரை நீண்ட அப்பஞ்சத்தில் சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். இலங்கைக்குச் செல்வோர் தொகை திடீரெனப் பெருகிற்று. கண்ணாடிப் பெட்டிகள் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய அதே காலத்தில், மதுரை, இராமநாதபுரச் சீமைகளைக் கால்நடையாகக் கடந்து, தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து அனுராதபுரம், தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நீரற்ற காட்டுப் பாதையில் நம் மக்கள் நடந்து கொண்டிருந்தார்கள். ஆள் சேர்த்த கங்காணி முன்னே செல்ல, தலையில் சட்டியும் இடுப்பில் பிள்ளையுமாக நடந்தவர்களுள் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியோரத்தில் விழுந்தவர் பலர். அந்தப் பாதையை அரசாங்கம் மூடியது 1899இல்தான்.

ஒரே அரசாங்கம், ஒரே ஆண்டு. செடிக்கு அமைந்த பரிபாலனம் மனிதனுக்கு அமையவில்லை. இவ்விரண்டு பிரயாணங்களையும் ஒரே ஏட்டில் எழுதக்கூடாது என்று சொல்லும் நண்பர்களுக்கு என் விடை இதுவே: செடி வந்ததன் காரணமும் மனிதன் வந்ததன் காரணமும் ஒன்றாயிருக்க, ஏட்டை எப்படிப் பிரிப்பது?

பஞ்சமே மக்களைத் துரத்தியது, தோட்டத்துக்கு அதில் என்ன பங்கு என்று ஒரு நண்பர் எழுதினார். பஞ்சம் துரத்தியது மெய்; ஆனால் துரத்தப்பட்டவன் போய்ச் சேர ஓரிடம் வேண்டுமன்றோ? அவ்விடத்தை ஆயத்தம் செய்ததில் பேராதனைக்குப் பங்குண்டு. 1820களில் பூங்காவின் அக்கரையிலேயே, கன்னொருவையில், ஆளுநர் பார்ன்ஸ் காப்பி பயிரிட்டார். 1869இல் காப்பி இலையில் துரு நோய் கண்டபோது, அவ்விலையை இங்கிலாந்துக்கு அனுப்பி நோயை இனங்காணச் செய்தவர் துவைட்ஸ். காப்பி அழிந்த பிறகு துரைமார் பற்றிக்கொண்ட சிங்கோனாவோ, 1861 முதல் பேராதனையின் மலைக்கிளையான ஹக்கலையில் ஆயத்தமாக இருந்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலையைத் தொழிலாகத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பேராதனையில் தேயிலைச் செடி நின்றது. பயிர் மாறிக்கொண்டே வந்தது; மலையில் உழைத்த ஜனங்கள் மாறவில்லை. காப்பிக் காலத்தில் பருவத்துக்கு வந்து திரும்பியவர்கள், ஆண்டு முழுவதும் கொழுந்து கொய்ய வேண்டிய தேயிலை வந்தபின் அங்கேயே தங்கினார்கள்.

பிற தீவுகள்

நேரம் நெருங்குவதால் மற்றத் தீவுகளைத் தொட்டுக் காட்டி மேற்செல்கிறேன். மொரீஷியஸ் தீவின் பாம்பிள்மூஸ் தோட்டத்தில் பியர் புவாவர் என்ற பிரெஞ்சுக்காரர், ஒல்லாந்தர் காவலில் இருந்த சாதிக்காயையும் கிராம்பையும் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து 1770ஐ ஒட்டிய ஆண்டுகளில் தருவித்து வளர்த்தார். அத்தீவின் கட்டடங்களை எழுப்பப் புதுச்சேரிப் பக்கத்துத் தமிழ்க் கைவினைஞரை ஆளுநர் லபூர்தொனே காலத்திலேயே கொண்டு சென்றிருந்தார்கள். சிங்கப்பூர்த் தோட்டத்துக்கு 1877இல் கியூவிலிருந்து வந்த ரப்பர்க் கன்றுகள் 22 மட்டுமே. 1888இல் அங்கே பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைச் செம்மை செய்தார். அதன் விளைவாக மலாயாவில் பரவிய ரப்பர்த் தோட்டங்களுக்காக நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறிய தமிழர் கதையை நீங்கள் அறிவீர்கள். மலாயாவையும் இலங்கையையும் ஒப்பிட்டு ஒரு தனி நூலே எழுதலாம்.

இனிச் செய்ய வேண்டுவன

இளைஞர்களுக்குச் சில குறிப்புகள். முதலாவது, நம் மாவட்டத்திலேயே கொடைக்கானலில் 1908இல் வன அதிகாரி பிரையண்ட் திட்டமிட்ட பூங்காவுக்கும், செண்பகனூரில் பாதிரிமார் சேர்த்த தாவரத் தொகுப்புக்கும் இலங்கைத் தோட்டங்களோடு விதைப் பரிமாற்றம் இருந்ததா என்று யாரேனும் ஆராய வேண்டும். இரண்டாவது, பேராதனையில் பல்லாண்டுகள் தாவரச் சித்திரம் எழுதிய தி அல்விஸ் குடும்பத்தாரைப்போல, அங்கே மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர்களும் சம்பளப் பதிவேடுகளில் இருத்தல் கூடும். அவற்றைத் தேட வேண்டும். மூன்றாவது, சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலைகளிலும் காப்பி பரவிய வரலாறு. நான்காவது, இலங்கையோடு செய்த 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குத் திரும்பியவர்களில் மூத்தோரின் வாய்மொழி. இது அவசரமானது; அவர்கள் வருஷந்தோறும் குறைந்து வருகிறார்கள்.

இவற்றையெல்லாம் ஒருவரே செய்ய முடியாது. இச்சபையில் உள்ளவர்கள் தங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ இலங்கைத் தோட்டத்தில் கொடுத்த துண்டுச் சீட்டு, பிரயாணத்துக்குக் கொடுத்த தகரச் சீட்டு, இலங்கைக்குச் செல்வோர் தங்கிய மண்டபம் முகாமின் சீட்டு, கங்காணிக் கணக்கு, கடிதம் ஏதேனும் இருக்குமாயின், அதைப் பழங்காகிதம் என்று எடைக்குப் போட்டுவிடாமல், இவ்வறக்கட்டளையின் நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்க மனமில்லையேல் பிரதி எடுத்துக்கொள்ளவாவது அனுமதிக்க வேண்டும். வாங்கிப் பதிவு செய்ய நூலகத்தார் இசைந்திருக்கிறார்கள்.