வாயில் ஒரு வெள்ளைத் திட்டு

பல் துலக்கிய கையோடு கண்ணாடி முன் வாயை நன்றாகத் திறந்து பாருங்கள். கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில். வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா? சுத்தமான துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். போகிறதா, போகவில்லையா? கேள்வி அதுதான்.

தயிர் ஆடை போலத் திட்டுத் திட்டாக இருந்து, துடைத்தால் அடியில் சிவந்து தெரிந்தால், பெரும்பாலும் அது பூஞ்சைத் தொற்று. கைக்குழந்தைக்கு வரும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு வரும். பல்செட்டைக் கழற்றாமலே தூங்கும் தாத்தாவுக்கும் வரும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள், இழுத்தவுடன் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். வந்துவிட்டாலும் பயமில்லை. டாக்டர் தரும் பூஞ்சை மருந்தில் சரியாகிவிடும்.

துடைத்தும் போகாத வெள்ளைதான் கவனிக்க வேண்டியது. வெற்றிலையோடு புகையிலையை அடக்கி வைக்கிறார்களே, பெரும்பாலும் அதே கன்னத்தில், அதே இடத்தில் வரும். பீடி, சிகரெட்டாலும் வரும். பொதுவாக வலிக்காது. வலிக்காததால்தான், “உடம்புச் சூடு” என்று விட்டுவிடுகிறோம். போகாத வெள்ளை எல்லாம் புற்றுநோய் அல்ல. ஆனால் சில அப்படி மாறக்கூடும். எது மாறும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. துளி சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். புகையிலையை விட்டதும் தானே மறையும் திட்டுகளும் உண்டு.

இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லையா? வலி வரட்டும் என்று காத்திருக்காமல், பல் டாக்டரிடம் வாயைக் காட்டுங்கள்.