முந்திரிகை மதுவும் சுவைச் சொற்களும்



ஒரு பண்டத்தின் சுவையை, அதனை உண்டறியாத ஒருவருக்குச் சொல்லால் உணர்த்துதல் எளிதன்று. பலாப்பழத்தைக் கண்டறியாத ஒருவர் அதன் சுவை யாது என வினவினால் என்ன விடை கூறுவீர்கள்? இனிப்பு என்பீர்கள், சீனியும் இனிப்புத்தானே! தேன் போன்றது என்பீர்கள். தேன் வேறு, பலா வேறு. முந்திரிகைப் பழத்தின் சாற்றைப் புளிக்கவைத்துப் பெறும் வைன் என்னும் மதுவை உணவோடு அருந்தும் பிரான்சு நாட்டு மக்கள் இவ்விடர்ப்பாட்டை அடிக்கடி எதிர்கொள்கின்றனர். போத்தலைத் திறந்து ஒரு மிடறு பருகியதும், அது எப்படி இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

இப்பேச்சைக் கேட்போருட் பலர் மதுவைத் தொடாதவராய் இருப்பர். அவர்களைத் தூண்டுவது என் நோக்கமன்று. தீங்கற்ற அளவு என்று மதுவில் ஒன்றில்லை என உலக சுகாதாரத் தாபனத்தின் ஐரோப்பியக் கிளை 2023 ஆம் ஆண்டிலே தெளிவாகக் கூறியுள்ளது. யான் பேசப்புகுவது குடியைப்பற்றியன்று. நாவையும் சொல்லையும் பற்றியே.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாரிக்காலத்தில், பாரிஸ் நகரிலே நண்பர் ஒருவர் வீட்டில் இராப்போசனத்துக்கு அழைக்கப்பட்டிருந்தேன். போர்தோப் பகுதியிற் செய்த சிவப்பு வைன் மேசைக்கு வந்தது. போத்தலின் பின்புறத்துச் சீட்டை முன்னதாகவே படித்துவைத்திருந்த நான், என் கருத்தைக் கேட்டதும், "செரிப்பழ மணமும் வனிலா மணமும் தெரிகின்றன" என்று மிடுக்காகச் சொன்னேன். நண்பரின் முதிய தாயார் என்னை உற்று நோக்கி, "உங்கள் ஊரில் செரி விளையுமா?" என்று கேட்டார். கேக்கின் மேல் வைக்கும் சாயமிட்ட செரியையன்றி வேறு செரியை நான் அதுவரை உண்டதில்லை. உண்மையை ஒப்புக்கொண்டேன். முகம் சிவந்ததை வைனின் மேற் பழிபோட்டேன். அம்மையார் விடவில்லை. "அப்படியாயின், உங்களுக்கு எதை நினைவூட்டுகிறது?" என்றார். நாவற்பழத்தை என்றேன். அவர் அதனை அறியார். ஆகவே, பழம் முதலில் இனிக்கும், பின்னர் நாக்கு வரண்டு சுருங்கும், வாயெல்லாம் ஊதா நிறமாகும் என்று விளக்கினேன். "இப்போது விளங்குகிறது" என்றார் அவர்.

அந்த நாச்சுருக்கத்துக்குத் தமிழிலே துவர்ப்பு என்று பெயர். அறுசுவையுள் ஒன்றாக அதனை வைத்து எண்ணியவர் நம் முன்னோர். பாக்கை மென்றவருக்கும், வாழைப்பூவைச் சமைத்தவருக்கும், பால் விடாத கடுஞ்சாயத் தேநீரைப் பருகியவருக்கும் அதனை விளக்கவேண்டியதில்லை. சிவப்பு வைனின் தன்மை பெரும்பாலும் இத்துவர்ப்பிலேயே தங்கியுள்ளது. கறுத்த முந்திரிகையிலும் சாறு பெரும்பாலும் நிறமற்றதே. நிறமும் துவர்ப்பும் தோலிலே உள்ளன, விதையிலும் துவர்ப்பு உண்டு. தோலோடும் விதையோடும் ஊறவிட்டுப் புளிக்கவைப்பதனாற் சிவப்பு வைன் துவர்க்கின்றது; சாற்றை மாத்திரம் பிழிந்தெடுத்துச் செய்யும் வெள்ளை வைனில் அது மிகக் குறைவு. துவர்ப்புப் பொருள் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதனால் வழுவழுப்பு நீங்கி நா வரளுகின்றது. இறைச்சியோடும் பாற்கட்டியோடும் சிவப்பு வைனைப் பரிமாறுவதன் காரணமும் இதனோடு தொடர்புடையது. கடுந் தேநீரிற் பால் விட்டவுடன் அதன் கடுமை தணிகின்றதன்றோ? அங்கே நிகழ்வதும் இதுவே.

ஆயினும் நா அறிவது சிறிது. மூக்கு அறிவதே பெரிது. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கறுவாப் பொடியுஞ் சீனியுங் கலந்து, மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு சிட்டிகை நாவிலிடுங்கள். இனிப்பு மட்டுமே தெரியும். மூக்கை விட்டதும் கறுவா வந்து நிற்கும். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பங்கு, தொண்டையின் வழியே மேலேறி மூக்கை அடையும் மணமேயாகும்.

இந்த மணங்கள் வெறுங் கற்பனை என்று எண்ணிவிடலாகாது. வனிலா மணம், வைனை வைத்திருக்கும் ஓக்கு மரப் பீப்பாயிலிருந்து வருவது. சிராஸ் என்னும் முந்திரிகையினத்து வைனிலே மிளகு மணக்கின்றது என்று பலர் சொல்லிவந்தனர். 2008 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் அதன் காரணத்தை வெளியிட்டனர். ரொட்டண்டோன் என்னும் பொருளே அது. நம் கறிக்கிடும் மிளகிலும் அப்பொருளே மணக்கின்றது. இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. சோதனைக்குட்பட்டோருள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினருக்கு, அப்பொருளை மிகுதியாகக் கலந்து கொடுத்தபோதும் மணமே தெரியவில்லை. ஒரே மேசையில் இருவர் அமர்ந்து, ஒருவர் மிளகு என்றும் மற்றவர் இல்லை என்றும் வாதிட்டால், இருவரும் மெய்யே பேசுகின்றனர் எனலாம்.

பொய் பேசுவது பெரும்பாலும் கண்தான். 2001 இல் வெளியான ஆய்வொன்றிலே, போர்தோப் பல்கலைக்கழகத்தில் வைனைப்பற்றிக் கற்கும் மாணாக்கர் 54 பேருக்கு, மணமற்ற சிவப்புச் சாயமிட்ட வெள்ளை வைன் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதன் மணத்தைச் சிவப்பு வைனுக்குரிய சொற்களாலேயே வருணித்தனர். அதற்கு முன்னரே, 1976 மே மாதம், பாரிசிலே ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கிலேய வணிகர், பெயரை மறைத்துப் பிரான்சு வைன்களையும் கலிபோர்ணியா வைன்களையும் ஒன்றாகப் பரிமாறச் செய்தார். நடுவராயிருந்த பிரெஞ்சு வல்லுநர் ஒன்பதின்மரின் புள்ளிகளைக் கூட்டியபோது, சிவப்பிலும் வெள்ளையிலும் முதலிடம் பெற்றவை கலிபோர்ணியா வைன்களே. ஒரு நடுவர், கலிபோர்ணியா வைனைப் பருகிவிட்டு, மீண்டும் பிரான்சுக்கு வந்துவிட்டோம் என்று மகிழ்ந்தாராம்! அவரை நான் எள்ளமாட்டேன். சீட்டைப் படித்துச் செரி என்று சொன்னவன் நான். அவரோ சீட்டைக் காணாமலே ஏமாந்தார்.

இவ்வனுபவங்களுக்குப் பின் என் பழக்கம் மாறிவிட்டது. விலை மலிந்த போத்தல் இரண்டைத் துணியாற் சுற்றி, எது எதுவென்று அறியாதபடி பிறர் கையால் வார்க்கச் செய்து, அருகருகே வைத்துப் பருகுகிறேன். தனியே பருகும்போது வாராத சொல், ஒப்பிடும்போது தானே வருகின்றது. ஒன்று தண்ணீர்போல் மெலிந்தது, மற்றது பால்போற் கனத்தது. ஒன்று எலுமிச்சைபோற் புளிக்கின்றது, மற்றது பழப்புளிபோற் புளிக்கின்றது. விழுங்கிய பின் எவ்வளவு நேரம் சுவை நிற்கின்றது என்பதையும் கவனிப்பேன். சிவப்பு வைனைச் சற்றுக் குளிர்வித்தே பருகவேண்டும். கொழும்பின் வெயிலில் வெதுவெதுப்பாகப் பருகினால் சாராய நெடியே மேலோங்கும். வணிகர் சொல்லும் சொற்களை நான் ஒதுக்கிவிடவில்லை. என் சொல்லை எழுதிய பின்னரே சீட்டைப் படிக்கிறேன்.

அடுத்த ஆண்டு ஆனி மாதம் பாரிசுச் சந்தையொன்றிலே, கறுப்பாய்ப் பழுத்த செரிப்பழம் அரைக் கிலோ வாங்கி, வீதியோரத்தில் நின்றே உண்டேன். அன்று மாலை அதே போர்தோ வைனை வாங்கித் திறந்தேன். செரி அதிலே இருக்கத்தான் செய்தது. நாவற்பழமும் இருந்தது. குறிப்பேட்டில் இரண்டையும் எழுதி, அம்மையாருக்கும் ஒரு கடிதம் வரைந்தேன்.