பஸ்ஸும் சுயமரியாதையும்

(திருப்பூர்ப் பனியன் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியது)



இன்று பஸ்ஸைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், "சாதியையும் சாமியையும் பற்றிப் பேசுகிறவர்களுக்கு பஸ்ஸில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். நம் பதில் என்னவென்றால், இந்த நாட்டில் சாதி ஏறாத வண்டி எதுவும் ஓடியதில்லை என்பதுதான்.

இதே திருப்பூரில் 1922-ல் கூடிய காங்கிரஸ் மாகாண மாநாட்டில், ஒதுக்கப்பட்ட வகுப்பார் கோவிலுக்குள் போக உரிமை வேண்டுமென்று பெரியார் கொண்டுவந்த தீர்மானத்தை அங்கிருந்த பெரிய மனிதர்கள் ஏற்கவில்லை. கோவில் கதவு சாத்தியிருந்தது போலவே அக்காலத்தில் பஸ் கதவும் சாத்தியிருந்தது. ஆதிதிராவிடர்களை ஏற்றுவதில்லை என்று டிக்கெட்டிலேயே அச்சடித்த முதலாளிகள் இருந்தார்கள். கையில் காசிருந்தும் அந்த மக்கள் வெயிலில் நடந்தே போனார்கள்.

அந்தக் கதவு எப்படித் திறந்தது? முதலாளியின் மனம் இளகியா? இல்லை. 1929-ல் செங்கற்பட்டில் நடந்த முதலாவது மாகாண சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்தபோது, ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸை ரத்து செய்வதாக உத்தரவு போட்டார். அவ்வளவுதான். அதுவரை சாஸ்திரம் பேசியவர்களெல்லாம் லைசென்ஸ் என்றதும் சாஸ்திரத்தை மூட்டை கட்டிவிட்டார்கள்! ரோடு பொதுமக்கள் வரிப்பணத்தில் போட்டது. ஆகையால் அதில் ஓடும் வண்டிக்கு நிபந்தனை விதிக்கும் அதிகாரமும் பொதுமக்களுக்கு உண்டு என்பதே அதன் தத்துவம்.

ஆனால் சட்டம் ஏற்றிவிட்ட மாத்திரத்தில் சாதி இறங்கிவிடவில்லை. 1997-ல் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது, தாழ்த்தப்பட்டவர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோமென்று கலகம் செய்தார்கள். முடிவில் எல்லாக் கழகங்களின் பெயர்களையும் எடுத்துவிட வேண்டியதாயிற்று. 1972 முதல் கோவையிலிருந்து நடந்துவந்த நம் சேரன் போக்குவரத்துக் கழகத்தின் பெயர் போனதும் அப்படித்தான். பெயரைப் பார்த்து பஸ் ஏறும் புத்தியை என்னவென்று சொல்லுவது?

நிற்க, பெண்கள் விஷயத்துக்கு வருவோம். 2021 மே மாதத்தில், சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்கள் கட்டணமில்லாமல் போகலாம் என்று சர்க்கார் உத்தரவிட்டது. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சமாகிறதென்று மாநிலத் திட்டக்குழு கணக்கெடுத்தது. இதைத்தான் சில ஆண்பிள்ளைகள் "ஓசி" என்று ஏளனம் செய்கிறார்கள். அந்தப் பெண் வாங்கும் அரிசிக்கும் சோப்புக்கும் வரி கட்டவில்லையா? வீட்டு வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறாளே, அந்த ஓசியில் சாப்பிடுகிறவர் யார்?

இன்னொன்றும் யோசியுங்கள். நம்மூர்க் கம்பெனிகள் பல, கிராமத்துப் பெண்களை வேனில் அழைத்துவருகின்றன. சௌகரியந்தான். ஆனால் வேன் யாருடையதோ, அவர் விடும்போதுதான் அவள் வீடு போக முடியும். காலை எட்டரைக்கு வந்தவளை ஒன்றரை ஷிப்ட் என்று இரவு எட்டரை வரை நிறுத்தினாலும், "நான் போகிறேன்" என்று எழுந்துவிட முடியாது. பக்கத்துக் கம்பெனியில் கூலி அதிகமென்றாலும் அங்கு போக வேன் இல்லை. அரசாங்க பஸ்ஸோ எந்தக் கம்பெனியையும் சேர்ந்ததல்ல. ஆகையால் அதில் வருகிறவள் கூலி பேசலாம், வேலையை மாற்றலாம். இதுதான் பஸ்ஸிலுள்ள சுயமரியாதை.

ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஊருக்கு பஸ்ஸே வராவிட்டால் கட்டணமில்லா டிக்கெட்டை வைத்து என்ன செய்வது? 1997-லும் 2025-லும் வந்த மினி பஸ் திட்டங்கள் தனியாருக்குப் பர்மிட் கொடுப்பவை. வசூலுள்ள நேரத்தில் மாத்திரம் ஓட்டிவிட்டு, கூட்டமில்லாத நேரத்தில் நிறுத்திக்கொள்ள விடலாமா? சௌந்தரபாண்டியனார் காட்டிய வழி இருக்கிறது: சொன்ன நடையை ஓட்டாதவனுக்குப் பர்மிட் இல்லை. அதுபோலவே அவிநாசி, ஊத்துக்குளி, பல்லடம், காங்கயம் பக்கத்துக் கிராமங்களுக்கு, ஷிப்ட் விடும் நேரத்துக்குச் சர்க்கார் பஸ் இருந்தாக வேண்டும்.

கடைசியாக ஒன்று. பஸ்ஸின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகின்றன. வண்டியை நிறுத்துவது பிரேக்கா, எலுமிச்சம்பழமா? பழம் வாங்கும் காசுக்கு பிரேக்கைப் பாருங்கள் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

ஆகவே தோழர்களே! எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ் இல்லை என்று நீங்களே எழுதி எடுங்கள்; கையெழுத்து வாங்குங்கள்; அதிகாரிகளிடம் கொடுங்கள். "தலைவிதி" என்று ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தால் எந்த பஸ்ஸும் வராது.