கல்யாண ஆல்பத்தில் விடுபட்டவர்கள்

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வரும் தை, மாசியில் நம் குடியிருப்பில் மூன்று வீடுகளில் கல்யாணம். "சார், நீங்கதான் எந்தக் கல்யாணத்துக்கும் கேமராவும் கையுமா போறீங்களே, அதைப் பத்தி அரை மணி நேரம் பேசுங்களேன்" என்று செயலாளர் கேட்டார். நான் தொழில் செய்கிற ஃபோட்டோகிராஃபர் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு கேமரா வாங்கி, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் தூண் ஓரமாக நின்று படம் எடுப்பவன். அதனால் எந்த கேமரா நல்லது, எந்த லென்ஸ் நல்லது என்று சொல்லப் போவதில்லை. படங்கள் நன்றாக வர, கல்யாண வீட்டுக்காரர்களாகிய நாம் என்ன செய்யலாம் என்பதை மட்டும் சொல்கிறேன். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறு செய்த பிறகுதான்.

என் மகள் கல்யாணம் சென்னையில் ஒரு ஏ.சி. மண்டபத்தில் நடந்தது. இரண்டு ஃபோட்டோகிராஃபர், இரண்டு வீடியோகிராஃபர், தலைக்கு மேலே சுற்றிவரும் கிரேன் ஒன்று. மொத்தம் 4,000 படங்களுக்கு மேல் கொடுத்தார்கள். என் அக்கா அந்த இரண்டு நாளும் ஸ்டோர் ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தேங்காய், வெற்றிலை, சீர்ப் பாத்திரம், தாம்பூலப் பை எல்லாம் உள்ளே. சாவி அவர் இடுப்பில். கெட்டிமேளச் சத்தம் கேட்டதும் ஓடி வந்து அட்சதை போட்டார். அடுத்த நிமிடம் திரும்பிப் போய்விட்டார்.

மறு வருடம் அக்கா காலமானார். காரியத்துக்கு மாலை போட ஒரு நல்ல படம் வேண்டும். இரவு முழுக்க அந்த 4,000 படங்களையும் பார்த்தோம். ஒரே ஒரு படத்தில் இருந்தார். யாரோ ஒருவர் தாம்பூலப் பை வாங்குகிறார். அவருக்குப் பின்னால் அக்காவின் கையும் பாதி முகமும். கடைசியில் ஆதார் அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கிப் போட்டோம். இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது அந்தப் படம்தான்.

படம் எடுத்த பையனை நான் குறை சொல்லவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர், அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

என் கல்யாணம் 1986இல், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. அப்போது ஃபோட்டோகிராஃபர் கொண்டுவந்த கேமராவில் ஒரு ரோலுக்கு 12 படம். ஐந்து ரோல், ஆக 60 படம். அதில் ஏழு படத்தில் அக்கா இருக்கிறார். காரணம், ஒவ்வொரு படத்துக்கும் காசு. அதனால் என் அப்பா ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஃபோட்டோகிராஃபர் பக்கத்திலேயே உட்கார்ந்து, "பெரியம்மாவைக் கூப்பிடு, சித்தப்பா வரட்டும்" என்று பெயர் பெயராகச் சொல்லி எடுக்க வைத்தார். 60 படம்தான் என்பதால் யார் யார் வேண்டும் என்று யோசித்தோம். 4,000 என்றதும் யோசிப்பதை விட்டுவிட்டோம்.

ஆகவே நான் சொல்ல வருவது இவ்வளவுதான். கல்யாணப் படம் நிதானமாக, அழகாக வருவது பாதி நம் கையில் இருக்கிறது. ஆள், நேரம், வெளிச்சம் ஆகிய மூன்றையும் நாம் முன்கூட்டியே யோசித்துவிட்டால், படம் எடுப்பவர் தன் வேலையை நன்றாகச் செய்வார்.

முதலில் ஆள். ஒரு தாளில் பட்டியல் போடுங்கள். இருநூறு பேர் வேண்டாம், இருபத்தைந்து பேர் போதும். எழுபது வயதைத் தாண்டியவர்கள், நெடுந்தூரம் பயணம் செய்து வந்தவர்கள், மேடைக்கு வராமல் வேலை பார்த்துக்கொண்டே இருப்பவர்கள். சமையல் மாஸ்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாளை ஃபோட்டோகிராஃபரிடம் கொடுத்தால் மட்டும் போதாது, அவருக்கு முகம் தெரியாது. இரு வீட்டு மனிதர்களையும் அறிந்த ஒரு பையனையோ பெண்ணையோ அவர் கூடவே அனுப்புங்கள். எடுக்க எடுக்க டிக் போடட்டும். வங்கியில் மாலைக் கணக்கு டேலி ஆகாமல் நாங்கள் வீட்டுக்குக் கிளம்ப மாட்டோம். கடைசிப் பந்திக்கு முன் இந்தப் பட்டியலும் டேலி ஆகிவிட வேண்டும்.

அடுத்தது நேரம். ரிசப்ஷனை எடுத்துக்கொள்வோம். 500 பேர் வருகிறார்கள், நான்கு பேராக மேடை ஏறுகிறார்கள் என்றால் 125 குழு. குழுவுக்கு ஒரு நிமிடம் வைத்தாலும் இரண்டு மணி ஐந்து நிமிடம். அவ்வளவு நேரமும் பெண்ணும் மாப்பிள்ளையும் நின்றபடி சிரிக்க வேண்டும். அவர்கள் சாப்பிட உட்காரும்போது மணி பத்தரை. அதற்குப் பிறகு, "இப்போ குடும்பப் படம் எடுக்கலாம் சார்" என்பார்கள். பெரியவர்கள் அதற்குள் தூங்கப் போயிருப்பார்கள்.

இதற்கு வழி இருக்கிறது. அழைப்பிதழில் ஏழு மணி என்று போட்டால், ஆறே காலுக்கே வீட்டு மனிதர்களை மேடைக்கு வரச் சொல்லுங்கள். முக்கியமான குடும்பப் படங்கள் முப்பது நிமிடத்தில் முடிந்துவிடும். எட்டரைக்கு வரிசையைச் சிறிது நேரம் நிறுத்தி, மணமக்களைக் கீழே இறங்கி நடக்க விடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் அவர்களே போய்க் குனிந்து பேசட்டும். அப்போது கிடைக்கிற படம், மேடையில் வரிசையாக நின்று எடுக்கிற எந்தப் படத்தையும் விட நன்றாக இருக்கும்.

முகூர்த்தத்தில் இன்னும் கவனம் வேண்டும். என் மகளைத் தாரை வார்க்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பா, கொஞ்சம் இங்கே பார்த்து சிரிங்க" என்று ஒரு குரல். நானும் சிரித்துவிட்டேன். இன்று அந்தப் படத்தைப் பார்த்தால், மகளைக் கொடுக்கிற அப்பா பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். தாலி கட்டியதும் "இன்னொரு தடவை அப்படியே கையை வைங்க" என்றும் கேட்பார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: சடங்கு நடக்கும்போது யாரையும் கூப்பிடக் கூடாது, எதையும் திரும்பச் செய்யச் சொல்லக் கூடாது. கிடைத்தால் கிடைக்கட்டும். நல்ல ஃபோட்டோகிராஃபர் இதைக் கேட்டு வருத்தப்பட மாட்டார், சந்தோஷப்படுவார். பிரெஞ்சுக்காரர் ஆன்ரி கார்ட்டியே ப்ரெஸ்ஸான் உலகப் புகழ் பெற்றவர், 1948இல் காந்தியின் இறுதி ஊர்வலத்தைப் படம் எடுத்தவர். தன் சிறிய லைக்கா கேமராவின் பளபளப்பு யார் கண்ணிலும் படக் கூடாது என்று கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தார். எடுப்பவர் இருப்பதே தெரியாமல் இருந்தால்தான் எடுக்கப்படுகிறவர் இயல்பாக இருப்பார்.

நம் பங்குக்கு நாமும் ஒன்று செய்யலாம். கெட்டிமேளம் ஒலித்ததும் எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு எழுந்து முன்னால் போகிறோம். ஆல்பத்தில் தாலி தெரியாது, நம் கைகள்தான் தெரியும். வீட்டுப் பெரியவர் ஒருவர் மைக்கில், "ஐந்து நிமிடம் உட்கார்ந்தபடியே ஆசீர்வாதம் செய்யுங்கள்" என்று கேட்டுக்கொண்டால் ஜனங்கள் கேட்பார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வெளிச்சம். நகரத்து மண்டபங்களில் பலவற்றுக்கு ஜன்னலே கிடையாது. மேடைக்குப் பின்னால் பெரிய எல்.இ.டி. திரை, பக்கத்தில் ஊதா விளக்கு. மணப்பெண்ணின் கன்னத்தில் ஒரு பக்கம் ஊதா, மறு பக்கம் மஞ்சள் விழும். இதை எந்த கேமராவாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. அலங்காரக்காரரிடம் முதல் நாளே பேசி, சடங்கு நேரத்தில் கலர் விளக்குகளை அணைத்து, முகத்தில் ஒரே நிற வெளிச்சம் விழும்படி செய்யச் சொல்லுங்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் கேமராவில் எடுப்பதாக இருந்தால் ஒரு குறிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண எல்.இ.டி. விளக்குகள் பல, நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் படத்தில் பட்டை பட்டையாக விழும். ஷட்டரை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஊரில் கல்யாணம் வைத்தால் வெளிச்சம் தானாகக் கிடைக்கும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் முற்றத்துக்கு மேலிருந்து இறங்கி, சுற்றியுள்ள பத்திகளில் பரவுகிற வெளிச்சம் முகத்தில் மென்மையாக விழும். அவ்வளவு பெரிய வீடு வேண்டும் என்பதில்லை, ஒரு திண்ணை போதும். ஆனால் ஊரிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. சிவப்பு, மஞ்சள் துணிப் பந்தல் போட்டால் அந்த நிறம் எல்லோர் முகத்திலும் ஏறும். வெள்ளைத் துணி நல்லது. கீற்றுப் பந்தல் அழகுதான், ஆனால் வெயில் ஏறியதும் ஓட்டை வழியாகப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் விழும், அதனால் காலை முகூர்த்தத்துக்குத்தான் பொருந்தும். உச்சி வெயிலில் குடும்பப் படம் எடுக்காதீர்கள், கண்கள் இருண்டுவிடும். மர நிழலில் நிற்க வையுங்கள். கோயிலில் கல்யாணம் என்றால் எதுவரை கேமரா அனுமதி என்று முன்னதாகவே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள். ஒப்பந்தம் பேசும்போது, நமக்குக் காட்டிய மாதிரிப் படங்களை எடுத்தவரே நேரில் வருவாரா என்று கேளுங்கள். எத்தனை மணி நேரம், எத்தனை பேர், படங்கள் என்றைக்குக் கிடைக்கும் என்பதை எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள். எல்லாப் படங்களையும் குறைக்காத அளவில் வாங்கி, இரண்டு ஹார்டு டிஸ்கில் வைத்து, ஒன்றை இன்னொருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுப்பதை ஒரு மாதத்துக்குள் முடியுங்கள். தள்ளிப் போட்டால் வருடக் கணக்காகிவிடும். சாப்பிடுகிறவர் வாயில் கவளத்தோடு இருக்கும்போது எடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.

போன வருடம் அக்காவின் பேத்திக்கு ஊர் வீட்டிலேயே கல்யாணம் நடந்தது. பட்டியலை நான்தான் எழுதினேன். முதல் பெயர், சாமான் அறைச் சாவி வைத்திருந்த அக்காவின் நாத்தனார். காலை ஆறு மணிக்கு நான் போனபோது, இரண்டு தேங்காய் கூடுதலாகக் கேட்ட பையனை அறை வாசலில் நிறுத்திக் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். எடுத்தேன். "என்னை எதுக்குத் தம்பி எடுக்கறீங்க? பொண்ணைப் போய் எடுங்க" என்றார். அந்தப் படம் இப்போது ஆல்பத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அவருக்கும் ஒரு பிரதி எடுத்து, ஃபிரேம் போட்டு அனுப்பினேன்.

கல்யாணம் வைத்திருக்கும் மூன்று வீட்டாருக்கும் என் வாழ்த்துகள். மண்டபம், சாப்பாடு எல்லாம் முடிவு செய்திருப்பீர்கள். இன்று இரவு பத்து நிமிடம் ஒதுக்கி அந்த இருபத்தைந்து பெயர்களை எழுதிவிடுங்கள். ஸ்டோர் ரூம் சாவி யாரிடம் இருக்கப் போகிறதோ, அவர் பெயரை முதலில் எழுதுங்கள்.