இருபத்திரண்டு சொற்கள்



அமெரிக்காவில் அரசும் மதமும் தனித்தனி என்று குடிமையியல் பாடத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் போனேன்.

நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் பள்ளிகளுக்கென ஒரு பிரார்த்தனை எழுதியது. ஆங்கிலத்தில் 22 சொற்கள். எந்தச் சமயத்தின் பெயரும் இல்லை. விரும்பாத பிள்ளை பேசாமல் இருக்கலாம், வெளியேயும் போகலாம். இதில் என்ன குறை என்றுதான் நமக்கும் தோன்றும். லாங் ஐலண்டில் சில பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். 1962 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. பிரார்த்தனை எழுதிக் கொடுப்பது அரசின் வேலையன்று. கட்டாயமில்லை என்பதாலேயே அது சரியாகிவிடாது என்றது. தீர்ப்பை எழுதிய ஹியூகோ பிளாக் ஒரு காலத்தில் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு எடுத்தவர்! பள்ளியிலிருந்து கடவுளையே துரத்திவிட்டார்கள் என்று நாடெங்கும் கொதிப்பு. ஆனால், ஒரு பிள்ளை தானாக வேண்டிக்கொள்வதை அந்தத் தீர்ப்பு தடுக்கவே இல்லை.

எனக்கு உறைத்தது அந்தக் கதவுதான். வகுப்பே கண்மூடி நிற்கும்போது எட்டு வயதுப் பிள்ளை ஒன்று மட்டும் எழுந்து வெளியே போக வேண்டும். போகலாம் என்கிறது விதி. ஆசிரியர் முகத்தைப் பார்க்காமல் அதனால் போக முடியுமா?